ஆஃப் பண்ணியாச்சு அத்தான்

சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரை டைரக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எந்தப் படத்தையும் டைரக்ட் செய்தவர் இல்லை. பஸ் டிப்போவில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். ஹாரன், பல்பு, பிரேக் கட்டை, நட்டு போல்ட்டு என்று எடுத்துக் கொடுத்தே பணி ஓய்வு பெற்றவர். கல்யாணமான புதிதில் வீடியோ கேமரா ஒன்றை ஆசைப்பட்டு வாங்கிவிட்டார். அன்றிலிருந்து யார் வீட்டில் நாலு பேர் கூடினாலும் அவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடப்பார். ஜனங்கள் அவருக்கு வழிவிட்டு ஒதுங்குவார்கள். அதை மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார். கால் மிதிபட்டவர்கள் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள்.

எடுப்பதோடு சரி, எடுத்ததை அவர் பார்த்ததில்லை. கேசட் போட்டுப் பார்க்க வீட்டில் டெக் கிடையாது. கேசட்டை விசேஷக்காரர்களிடமே கொடுத்துவிடுவார். அவர்கள் போட்டுப் பார்த்துவிட்டு, "பிரமாதம் டைரக்டர் சார், கேசட் உங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். தங்கள் வீட்டுப் படத்தைத் தாங்களே வைத்துக்கொள்ள ஏன் யாரும் ஆசைப்படவில்லை என்று ஒரு தடவையாவது யோசித்திருக்கலாம். பாராட்டு கேட்டால் அவருக்குத் தலைகால் புரியாது. அந்த நிலையில் யோசனை எங்கே வரும்?

போன வருஷம் அவருடைய அக்காவின் கணவர் போய்விட்டார். டைரக்டருக்கு அவர் அத்தான். மாடிப்படி இறங்கியவர் கடைசிப் படியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். அக்கா யாரிடமும் அதிகம் பேசாமல் இருந்தாள். சில மாதம் கழித்து ஒரு நாள் தம்பி வீட்டுக்கு வந்து, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்.

"டேய், அவர் முகம் எனக்கு அப்படியே இருக்கு. சுவர்ல போட்டோ இருக்கு. குரல்தான்டா நழுவிப் போகுது. என்னை 'மேடம்'னு இழுத்துக் கூப்பிடுவார் இல்ல? நேத்து அதை நினைச்சுப் பார்க்கறேன். வார்த்தை வருது, சத்தம் வரல. நீ அப்போ எடுத்தியே, அதுல எங்கயாவது அவர் பேசறது இருக்குமாடா?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டே? நான் எதுக்கு இருக்கேன்? அத்தானை எத்தனை தடவை எடுத்திருக்கேன்! எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி, ஒரு படமாவே பண்ணித் தர்றேன்."

"கம்ப்யூட்டரை எந்தப் பக்கம் ஆன் பண்றதுன்னு முதல்ல கேளுங்க அண்ணி," என்றாள் உள்ளேயிருந்து அவர் மனைவி.

வாயைக் கொடுத்தாயிற்று, இனிப் பின்வாங்க முடியாது. பரணில் இருந்து கேசட் பெட்டி இறங்கியது. டிப்போவில் எந்த நட்டு எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் சொன்னவர் அவர். அவருடைய சொந்தக் கேசட்டுகளின் முதுகில் 'முக்கியம்', 'மிக முக்கியம்', 'இதுதான் முக்கியம்' என்று மட்டும் எழுதியிருந்தது. எதற்கு என்ன முக்கியம் என்று எழுதியவருக்கே தெரியவில்லை. சிலவற்றில் பூஞ்சை வெள்ளையாகப் பூத்திருந்தது. மெல்லிய துணியால் துடைத்தார். பழைய கேமராவையும் கம்ப்யூட்டரையும் இணைக்க ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்தார். மஞ்சள் வயரைச் சிவப்பு ஓட்டையில் செருகிவிட்டு, படம் வராததற்குக் கேசட்டைத் திட்டினார். பெட்டிக்குள் இருந்த விளக்கத் தாளை மனைவி படித்துச் சொன்ன பிறகு படம் வந்தது.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதில் அவசரம் செல்லாது. ஒரு மணி நேரக் கேசட் ஓடி முடிய ஒரு மணி நேரம் ஆகும். அவர் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார். பழைய டேப்பின் இரைச்சல் தாங்காமல், "அது என்னங்க, வீட்டுக்குள்ள மாவு மில்லா?" என்று மனைவி கத்தியதால் ஸ்பீக்கரை அடியோடு நிறுத்திவிட்டார். படத்தை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார்.

பார்க்கப் பார்க்க முகம் சுருங்கியது. முதலில் வெகுநேரம் கும்மிருட்டு. பிறகு தரை. பிறகு யாருடைய செருப்போ. நாற்காலிக் கால், மறுபடி தரை, தலைகீழாக ஒரு வாசல். நடுவில் எங்கோ கொஞ்சம் மனிதர்கள். ஏதோ வாண்டுகள் கேமராவை எடுத்து விளையாடியிருக்கின்றன என்று முடிவு கட்டினார். வீட்டில் அந்தக் காலத்தில் வாண்டுகளே கிடையாது என்பதை நினைவுபடுத்த மனைவி அப்போது அறையில் இல்லை.

தரையையும் இருட்டையும் எல்லாம் வெட்டினார். வெட்டியதை அழிக்கவில்லை. இனிப் பழுது பார்க்க முடியாது என்று ஒதுக்கிய பொருளை டிப்போவில் 'கண்டம்' என்பார்கள். கண்டம் ஆனதை மேலதிகாரியின் கையெழுத்து இல்லாமல் வெளியே எறியக்கூடாது. வேலையை விட்டாலும் வழக்கம் விடவில்லை. கம்ப்யூட்டரிலும் 'கண்டம்' என்று ஓர் அறை திறந்து எல்லாவற்றையும் அதில் போட்டு வைத்தார். கையெழுத்துப் போட மேலதிகாரி எங்கிருந்து வருவார் என்று அவரையே கேட்டிருந்தால் அசடு வழிந்திருப்பார். கேசட்டுகள் பழைய சாமான் கடைக்குப் போயின. அதற்கு மனைவியின் கையெழுத்தே போதுமானதாக இருந்தது.

மிஞ்சிய துண்டுகளை ஒட்டிப் படம் தயாராயிற்று. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று மூன்று தடவை அவர் பெயரே பறந்து வந்து நின்றது. இரைச்சலை மறைக்கப் பின்னணியில் வீணை இசை சேர்த்தார். அக்காவை வரச் சொல்லி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, தியேட்டர்காரர் மாதிரி ஓரமாகக் கைகட்டி நின்றார்.

அக்கா கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அத்தான் வந்தார். சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, அடையாள அட்டைக்கு நிற்பவர் போல விறைப்பாக நின்றார். அடுத்த காட்சியிலும் அப்படியே. வேறு சட்டை, அதே விறைப்பு. மேலே வீணை வெளுத்துக்கட்டியது.

படம் முடிந்தது. "நல்லா இருக்குடா," என்றாள் அக்கா. கொஞ்சம் பொறுத்து, "அவர் பேசறது?" என்றாள்.

அவர் அவசர அவசரமாக வீணையை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார். இரைச்சல் வந்தது, யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம் வந்தது. அத்தான் வாயைத் திறக்கவில்லை. கேமராவைக் கண்டாலே அவர் வாயில் பூட்டு விழுந்துவிடும். ஊரெல்லாம் சிரிக்க வைக்கிற மனிதர், லென்ஸுக்கு முன்னால் மட்டும் ஊமை. இதை மறந்துவிட்டு வாக்குக் கொடுத்த தன் மடத்தனத்தை டைரக்டர் மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டார்.

"பரவால்லடா. முகமாவது பார்த்தேனே," என்று அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலை. அவளை ஏமாற்றிவிட்டோம் என்றே அவருக்குப் பட்டது. அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை வேறு வழி தெரியாமல் 'கண்டம்' அறையைத் திறந்தார். தரையையும் செருப்பையும் இந்தத் தடவை சத்தத்தோடு ஓட்டினார். ஒரு இருமலாவது கிடைக்காதா என்ற நப்பாசை. முதலில் இருட்டில் பஸ் ஓடும் சத்தமும், "சில்லறை கொடுங்க" என்ற குரலும் கேட்டன. பிறகு தரை வந்தது. கூடவே அவருடைய வாலிபக் குரல் கணீரென்று வந்தது.

"ஆஃப் பண்ணியாச்சு அத்தான். இனிமே தாராளமா மூச்சு விடுங்க."

"நிஜமாவா? சிவப்பு லைட்டு எரியுதேடா."

அத்தானேதான்.

"அது சார்ஜ் லைட்டு அத்தான். எனக்குத் தெரியாதா?"

டைரக்டருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கிடங்கில் எந்தப் பொருளையும் கொடுக்கும் முன் ஒரு தடவை அமுக்கிப் பார்த்துத்தான் கொடுப்பார். ஹாரனை அடித்துப் பார்ப்பார், பல்பைப் போட்டுப் பார்ப்பார். அதே வழக்கத்தில், வீட்டிலிருந்து கிளம்பும்போது கேமராவின் பட்டனையும் ஒரு தடவை அமுக்கி, சரியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுப் பையில் போட்டிருக்கிறார். ஆனுக்கும் ஆஃபுக்கும் அந்த ஒரே பட்டன்தான்; கேமரா அப்போதே ஓட ஆரம்பித்துவிட்டது. விசேஷ வீட்டில் ஆன் செய்வதாக நினைத்து அமுக்கியபோதெல்லாம் அது ஆஃப் ஆகியிருக்கிறது. ஆஃப் செய்தேன் என்று சொன்னபோதெல்லாம் ஓடியிருக்கிறது. அமுக்கிப் பார்க்க மறந்த சில நாட்களில் மட்டும்தான் உருப்படியாக ஏதோ பதிவாகியிருக்கிறது. சிவப்பு விளக்கை அத்தானே சுட்டிக்காட்டியிருக்கிறார். அதையும் அதட்டி அடக்கியாகிவிட்டது!

படத்தில் மேஜை விளிம்பும், கீழே இரண்டு ஜோடிக் கால்களும் தெரிந்தன. கேமராவை மேஜையில் வைத்துவிட்டு அவர் கைகழுவப் போயிருக்க வேண்டும்.

"மே...டம், கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றார் அத்தான். டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. குரல் தணிந்தது. "உன் தம்பி போன தடவை எடுத்த கேசட்டைப் போட்டுப் பார்த்தியா? அரை மணி நேரம் இருட்டு. அப்புறம் ஒரு செருப்பு. ரொம்ப நேரம் உத்துப் பார்த்தேன். என்னோடதுதான்."

அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் திணறினாள். "சும்மா இருங்க. அவன் காதுல விழுந்துடப் போகுது."

"அவன்கிட்ட யாரு சொல்லப்போறா? கேட்டா பிரமாதம்னுதான் சொல்லுவேன். எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். பாவம், எவ்வளவு ஆசையா எடுக்கறான்! அந்த டைரக்டர் பட்டத்தை நாமதானே கொடுத்தோம், நாமளே பிடுங்கக் கூடாது."

அவருக்குக் காது மடல் சுட்டது. இத்தனை வருஷத்துப் பிரமாதங்களும் வரிசையாக வந்து கண் முன்னே நின்று பல்லிளித்தன. மொத்தக் குடும்பமும் கட்டுப்பாடாகப் பொய் சொல்லியிருக்கிறது, அதற்குத் தலைமை அத்தான். திரையின் ஓரத்தில் வெட்டுவதற்கான கத்தரிக்கோல் படம் தயாராக இருந்தது. செருப்பு முதல் பட்டம் வரை வெட்டிவிட்டால் மானம் தப்பும். 'மேடம்' மிஞ்சும், அக்காவுக்கு அது போதும். கை அதுவரை போயும்விட்டது.

ஆனால் அத்தானின் குறும்பு முழுவதும் அந்தத் துண்டில்தான் இருந்தது. அக்காவும் அதில்தான் சிரித்திருந்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! தவிர, பின்னால் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்ட மனைவி, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். இனி வெட்டி என்ன, வெட்டாமல் என்ன?

"அண்ணிக்கு போன் போடுங்க," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அக்கா வந்தாள். இந்தத் தடவை பெயர்ப் பலகை இல்லை, வீணை இல்லை. "படம் ஒண்ணும் தெரியாதுக்கா, வெறும் தரைதான்," என்று சொல்லிவிட்டு ஓட்டினார். மேஜை விளிம்பு வந்தது, கால்கள் வந்தன. 'மே...டம்' என்றதும் அக்கா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். செருப்புக்கு வந்ததும் சிரித்தாள். கண்ணில் நீர் வழியவழிய, அன்று போலவே மூச்சுத் திணறச் சிரித்தாள். தம்பியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அந்தக் கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள்.

துண்டு முடியும் இடத்தில், கால்களில் ஒரு ஜோடி மேஜைப் பக்கம் நகர்ந்து வந்தது. அத்தான் குனிந்து கேமராவைப் பார்த்திருக்க வேண்டும். குரல் மிக அருகில் கேட்டது.

"ஏய் மேடம், இவன் நிஜமாவே ஆஃப் பண்ணிட்டானா? லைட்டு எரியுதே."

"இல்லைங்க," என்றாள் அக்கா, திரையைப் பார்த்து. "ஓடிட்டுத்தான் இருக்கு. நீங்க பேசுங்க."