அத்தை நான் இருக்க, தேன் வைக்க அவளா?

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பிறந்த பிள்ளையின் நாக்கில் யார் முதலில் தேன் தொட்டு வைக்கிறார்களோ, அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வருமாம்.

அண்ணனுக்கு நேற்று ஆண் குழந்தை. அத்தை நான்தானே வைக்க வேண்டும் என்று இன்று ஷூ கம்பெனியில் பர்மிஷன் போட்டு, தேன் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

எனக்கு முன்னால் குடியாத்தத்திலிருந்து அண்ணியின் தங்கை வந்து உட்கார்ந்திருந்தாள். கையில் தேன் கிண்ணம், அதில் தங்க மோதிரம்.

“இவதான் வைக்கணும். இவளுக்குப் பொறுமை ஜாஸ்தி,” என்றாள் அண்ணி.

அப்போ எனக்கு மட்டும் இன்னா கம்மியாம்? வயிறு எரிந்தது. சிரித்துக்கொண்டு நின்றேன்.

மோதிரம் குழந்தையின் உதட்டருகே போகும்போது நர்ஸ் வந்துவிட்டார்.

“இன்னாம்மா பண்றீங்க? ஒரு வயசு முடியற வரைக்கும் தேன் ஒரு சொட்டு கூடாது. அதுல கிருமி இருந்தா, கொழந்தைக்குக் கை கால் சோர்ந்து மூச்சே நின்னுடும். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான்!”

கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

“படிச்சவ, உனக்கு இதுகூட தெரியலியா?” என்று அண்ணியின் தங்கையிடம் கேட்டேன், என் பாட்டிலைப் பைக்குள் ஆழமாகத் தள்ளியபடி.

அவளுக்குக் கோபமே வரவில்லை. “நல்லவேளக்கா, சிஸ்டர் வந்தாங்க,” என்றாள்.

நான் குழந்தையைத் தூக்கினேன். வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினான். அவள் வாங்கினாள். கப்சிப்.

ஒரு சொட்டுத் தேன்கூட அவன் வாயில் படவில்லை. பக்கத்திலேயே நின்று பார்த்தவள் நான். பின்னே அவள் குணம் அவனுக்கு எப்படி வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.