மண்டையோட்டு லெவல்

போன வாரம் ஒரு புது கேம் இறக்கினேன். வாளும் மந்திரமுமாகச் சண்டை போட்டுக்கொண்டே ஊர் ஊராகப் போகிற வகை. ஆரம்பத்திலேயே வழக்கமான கேள்வி: சுலபமா, சாதாரணமா, கடினமா? கீழே பொடி எழுத்தில், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தது. அதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

என்னைக் கேட்டால் எப்போதும் சுலபம்தான். வெட்கமெல்லாம் கிடையாது. அடி வாங்கத்தான் ஆபீஸ் இருக்கிறதே, வீட்டுக்கு வந்தும் எதற்கு? என் அக்கா வேறு ரகம். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு லாரிகளை எடை போடுகிற இடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள். அவள் சொன்ன எடையை மறுத்துப் பேச எந்த டிரைவருக்கும் தைரியம் வந்ததில்லை. முப்பத்திரண்டு வயதில், கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயத்தில், இரண்டு கிட்னியும் போய்விட்டதென்று தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை.

வாரம் மூன்று நாள் சிதம்பரத்தில் டயாலிசிஸ். கடலூரில் பஸ் ஏறி நான்தான் கூட்டிப்போவேன். அப்போது நான் வேலை தேடிக்கொண்டிருந்தேன், மரியாதையாகச் சொன்னால். ஆலப்பாக்கம் தாண்டினால் ஜன்னலில் கடல் காற்று உப்பாக அடிக்கும். சாப்பாட்டில் உப்பே கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். "இதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாருல்ல" என்று அக்கா முகத்தை வெளியே நீட்டுவாள்.

மெஷினில் நாலு மணி நேரம். ஊசி ஏறியிருக்கும் இடது கையை அசைக்கக் கூடாது. வலது கையில் போனைப் பிடித்துக்கொண்டு, அவள் ஆடுகிற வாள் சண்டைக் கேமில் வருகிற ராட்சசர்களை யார் யார் எப்படிக் கொன்றார்கள் என்று வீடியோ பார்ப்பாள். மெஷின் இல்லாத நாட்களில் என் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொள்வாள். கன்ட்ரோலரை டெட்டால் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் தொடுவாள். இன்றைக்கும் டெட்டால் வாசனை வந்தால் எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வருவதில்லை, வாள் சண்டைதான் வருகிறது.

அந்தக் கேமில் நாலு லெவல். நாலாவதன் பக்கத்தில் ஒரு மண்டையோடு போட்டிருக்கும். அதை எடுத்தால் ஒரு எச்சரிக்கை வரும்: நடுவில் ஒருமுறை குறைத்துவிட்டால் திரும்ப ஏற்ற முடியாது. அக்கா அதைத்தான் எடுத்தாள். எடுத்துவிட்டுச் செத்துச் செத்துப் பிழைத்தாள். சுலபத்தில் வைத்தால் கதையாவது தெரியுமே என்றேன், பெரிய இவன் மாதிரி.

"சீக்கு நான் கேட்டா வந்துச்சி? இத நான் கேட்டு எடுத்தன்டா. இதுல கைய வைக்காத."

நாலு மாதத்தில் கடைசிக் கோட்டை வரைக்கும் போய்விட்டாள். வாசலில் ஒரு இரும்பு ராட்சசன் நிற்பான். அவனைத் தாண்டினால் ஒரு மணி நேரத்தில் கதையே முடிந்துவிடும். இரண்டு வாரமாக அவன் கையில் செத்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் வீங்கிவிட்டது, இடது கையில் பிடி நிற்கவில்லை.

அந்த வாரம்தான் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இதயம் பலவீனமாகிவிட்டது, கிட்னி கிடைத்தாலும் ஆபரேஷனைத் தாங்காது, சில மாதங்கள்தான் என்றார். அக்காவிடம் பக்குவமாகச் சொல்லிவிடச் சொன்னார். நம் வீடுகளில் பக்குவமாகச் சொல்வதென்றால் சொல்லாமல் விடுவதுதானே! அம்மாவும் நானும் பேசி வைத்துக்கொண்டோம். கிட்னிக்குப் பெயர் பதிந்தாயிற்று, வரிசை வரவேண்டியதுதான் பாக்கி என்று அவளிடம் சொன்னோம். அக்கா நம்பினாள்.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போயிருந்தபோது லேப்டாப்பைத் திறந்து லெவலைச் சுலபத்துக்கு மாற்றினேன். நிச்சயமா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். தானாகவே சேவ் செய்துகொள்கிற கேம், பழையது மிஞ்சாது. அவள் ஒரு தடவையாவது ஜெயிக்கட்டும் என்றுதான் செய்தேன். சத்தியமாக வேறு நினைப்பு இல்லை.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். மூன்றே வெட்டு. ராட்சசன் பொத்தென்று விழுந்தான். நான் கை தட்டினேன், மடையன். அக்கா தட்டவில்லை. மெனுவைத் திறந்து பார்த்தாள். மண்டையோடு வெளிறிப்போய், எத்தனை தடவை அழுத்தியும் எடுபடவில்லை. எடைமேடையில் சந்தேக லோடைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"வேற என்னாத்தடா கொறச்சி வச்சிருக்க?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"ஒண்ணும் இல்லக்கா. வரிசை வந்துடும். ஆறு மாசமோ, ஒரு வருஷமோ."

திரையில் கோட்டைக் கதவு திறந்துதான் கிடந்தது. அக்கா அப்படியே உள்ளே போயிருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிவைப் பார்த்திருப்பாள்.

"அப்ப டைம் இருக்குதுல்ல" என்றாள். மெனுவுக்குத் திரும்பி, முதலிலிருந்து புதுசாக ஆரம்பித்தாள். மண்டையோடுதான். நான் தடுக்கவில்லை. எதைச் சொல்லித் தடுப்பது?

ஏழு வாரம் இருந்தாள். இரண்டாவது தடவை முதல் ஊரைக்கூடத் தாண்டவில்லை. கடைசிப் பக்கம் கன்ட்ரோலரை எடுத்துக் கொடுத்தால் மடியில் வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். நாளைக்கு ஆடிக்கலாம் என்பாள். நானும் ஆமாம் என்பேன்.

அந்த வருஷ மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்து லேப்டாப் போயிற்று. அவள் பாதியில் நிறுத்திய ஆட்டமும் அதோடு போயிற்று. அப்புறம் வேறு கம்ப்யூட்டரில் அந்தக் கேமை நான் முடித்தேன், சுலபத்தில். முடிவில் எல்லாரும் ஒரு படகில் ஏறிப் போகிறார்கள். அக்காவுக்குப் பிடித்திருக்கும்.

விஷயம் தெரிந்திருந்தாலும் அவள் முதலிலிருந்துதான் ஆரம்பித்திருப்பாள் என்று அம்மா இப்போதும் சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் அம்மா இல்லை.