சம்பத் ஒட்டிய கண்

என் வீட்டுக்காரர் சம்பத்துக்குத் தன் தப்பை ஒத்துக்கொள்ளும் பழக்கமே கிடையாது. பால் பொங்கி வழிந்தால் அடுப்பின் மேல் பழி. வண்டி பெட்ரோல் இல்லாமல் நின்றால் பங்க்காரன் ஏமாற்றிவிட்டான். சாவியை எங்கேயோ தொலைத்துவிட்டு, "வூட்ல ஒரு பொருள் வெச்ச எடத்துல கீதா?" என்று என்னிடமே எகிறுவார். கல்யாணமான புதிதில் அழுதேன். அப்புறம் நானும் திருப்பிக் கத்தப் பழகிக்கொண்டேன்.

ஆனால் ஆள் வேலையில் கெட்டி. தாம்பரத்தில் ஒரு பெரிய ஷோரூமில் டி.வி., ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுக்கும் வேலையில் இருந்தார். மேனேஜர் ஒருநாள் வாடிக்கையாளர் எதிரிலேயே "டேய்" என்று கூப்பிட்டுவிட்டான். இவர் ஸ்க்ரூ டிரைவரை மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் போகிற வழியில் ஒரு சின்னக் கடை பிடித்து, 'சரிதா எலக்ட்ரானிக்ஸ்' என்று என் பெயரிலேயே போர்டும் மாட்டினார். போர்டு பளபளவென்று இருந்தது. கடைக்குத்தான் ஆள் வரவில்லை. வந்தவர்களும் ரிமோட்டுக்கு பேட்டரி கேட்டு வந்தவர்கள்தான்.

"தீபாளி வரிக்கும் பாக்கறேன் சரிதா. ஒரு நல்ல வேல கெடச்சு, நாலு பேர் வாயில பேர் வந்துச்சுன்னா நிக்கலாம். இல்லாங்காட்டி மறுபடி அந்த மேனேஜர் எதிர்லதான் போய் நிக்கணும்" என்றார். சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி ஆனது.

அப்போதுதான், 2007 நவராத்திரி சமயத்தில், பெருங்களத்தூர் ஸ்ரீநிவாசராகவன் சார் வீட்டு வேலை வந்தது. சார் பேங்க்கில் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்குப் பெரிய டி.வி.யும் ஹோம் தியேட்டரும் வேண்டும். அவர் மனைவி அபிதகுஜாம்பாள் மாமிக்கோ டி.வி. மட்டும் வெளியே இருக்கலாம், கூட வரும் கறுப்புப் பெட்டிகள் ஹாலில் கண்ணிலேயே படக்கூடாது. தேக்கு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். சாத்தினால் ரிமோட் எப்படி வேலை செய்யும்? வீட்டில் தினமும் சண்டை. நம்ம ஆள் போய், "கதவு பாட்டுக்கு சாத்திகினு இருக்கட்டும் மாமி, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி வேலையைக் கையில் வாங்கிவிட்டார்.

ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அலைந்து ஒரு ரிமோட் எக்ஸ்டெண்டர் வாங்கி வந்தார். விஷயம் சுலபம்தான். டி.வி.க்குக் கீழே, மரப்பலகையில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கண்ணை ஒட்டுவார்கள். ரிமோட்டை அமுக்கினால் அந்தக் கண் அதை வாங்கி, ஒயர் வழியாக அலமாரிக்குள் அனுப்பும். உள்ளே டி.வி.டி. பிளேயர், ஆம்ப்ளிஃபையர், டிஷ் பெட்டி ஒவ்வொன்றின் முகத்திலும் அந்த ஒயரின் முனை ஒன்று வால் மாதிரி ஒட்டியிருக்கும். கண் வாங்கியதை வால் பெட்டிக்குச் சொல்லும். கதவு சாத்தியபடியே எல்லாம் பாடும்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் வேலை முடிந்தது. முடித்தவர் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம் இல்லையா? "மாமி, டி.வி., பொட்டி எல்லாம் சும்மா. இந்தக் கண்ணுதான் மெயினு. நாளைக்கு மொதப் பூஜையே இதுக்குத்தான் பண்ணணும்!" என்று அளந்துவிட்டு வந்திருக்கிறார்.

விஜயதசமி அன்று சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போகலாம் என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன். வண்டியில் உட்காரவில்லை, போன் வந்துவிட்டது. சார் கத்துவது எனக்கே கேட்டது. முதல் நாள் பூஜையில் வைத்ததை இன்றுதான் தொட்டிருக்கிறார்கள். சொந்தக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டால், டி.வி. மட்டும் எரிகிறதாம். உள்ளே ஒரு பெட்டியும் அசையவில்லையாம்.

"இன்னாடா இது, பேஜாரா கீது" என்று முணுமுணுத்தபடி இவர் என்னையும் ஏற்றிக்கொண்டு வண்டியைப் பெருங்களத்தூருக்கு விட்டார்.

ஹால் நிறைய ஜனம். ஃப்ரிட்ஜ், மிக்ஸி, ஸ்பீக்கர், சுவிட்ச் போர்டு என்று எதையும் விடாமல் மாமி சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். இவர் அலமாரியைத் திறந்து ரிமோட்டை நேராகக் காட்டினார். பெட்டிகள் வேலை செய்தன. கதவைச் சாத்தினார். எல்லாம் கம்மென்று ஆகிவிட்டன. வெறும் கண்ணுக்குத் தெரியாத ரிமோட் வெளிச்சம் கேமராவில் தெரியுமாம்; செல்போன் கேமரா வழியாக ரிமோட்டின் முனையைப் பார்த்தார், மினுக்கியது. வால்களைப் பார்த்தார், இருட்டு. தலையை அலமாரிக்குள் விட்டு ஒயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார். முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது.

"பெரிய ஷோரூம்ல குடுக்கலாம்னு நான் அப்பவே சொன்னேன். யார் கேக்கறா?" என்றார் சார்.

எனக்கு அழுகை முட்டியது. தீபாவளி வரைக்கும்கூடத் தாங்காது போலிருக்கிறதே, நரசிம்மா என்று சோபாவில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. டி.வி.க்குக் கீழே, புளியங்கொட்டை இருந்த இடத்தில், நாலணா அகலத்துக்குச் சந்தனம். அதன் மேல் குங்குமம். அடேயப்பா, அந்த வீட்டிலேயே பெரிய பொட்டு அதுதான்!

எழுந்து போய்க் காதோடு சொன்னேன். "ஏங்க, கண்ணப் பாருங்க. பொட்டு வெச்சு அடைச்சிருக்காங்க."

தலையை வெளியே எடுத்துப் பார்த்தார். நிமிர்ந்து மாமியைப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்ற மாமிக்கும் அந்த நொடியில் புரிந்துவிட்டது. கை வாய்க்குப் போனது, முகம் வெளுத்துவிட்டது. சாருடைய கோபம் எப்படிப்பட்டது என்று அந்த முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

"என்னய்யா, கண்டுபிடிச்சியா இல்லியா?" என்றார் சார்.

போச்சு, மாமியின் மானம் கப்பலேறப் போகிறது என்று நினைத்தேன். சும்மாவே பழியை அடுத்தவர் மேல் போடுகிற மனுஷன். இன்றைக்குக் கையில் சாட்சியே இருக்கிறது, விடுவாரா?

கட்டைவிரலால் அந்தக் கண்ணை அழுத்தித் துடைத்தார். "என் தப்புதான் சார். கனெக்‌ஷன லூசா வுட்டுட்டேன். மன்னிச்சிக்குங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த வாயிலிருந்தா? கடை போனால் போகட்டும், என் புருஷன் தங்கம் என்று அந்த ஹாலில் கத்த வேண்டும் போல இருந்தது. இவர் ரிமோட்டை அமுக்கினார். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து நாதஸ்வரம் கிளம்பியது.

சார் விடவில்லை. "லூசாம்! முந்தாநேத்து மாட்டினது இன்னிக்கு லூசாம்! இந்த ஆள நம்பி..."

"ஏன்னா, நிறுத்துங்கோ." மாமி ஹாலுக்கு நடுவில் வந்து நின்றாள். "அவர் மேல ஒரு தப்பும் இல்ல. கண்ணுல சந்தனத்த அப்பினது நான். அவர் விரலப் பாருங்கோ."

எல்லோரும் பார்த்தார்கள். பட்சணம் திருடிய பையன் மாதிரி இவர் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். யாரோ களுக்கென்று சிரிக்க, ஹாலே சிரித்தது. சார் மட்டும் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு ரிமோட்டை வாங்கி, ஜன்னல் கண்ணாடி அதிரும்வரை சத்தத்தைக் கூட்டினார். அவர் மன்னிப்புக் கேட்கும் விதம் அதுதான் போலிருக்கிறது.

மாமியின் தங்கை மாடம்பாக்கத்திலிருந்து வந்திருந்தாள். எனக்கு வெற்றிலை பாக்குக் கொடுக்கும்போது அவளும் பக்கத்தில் வந்தாள். "எங்காத்துக்கும் வந்து மாட்டித் தரச் சொல்லும்மா. இப்படி ஒரு மனுஷனத் தைரியமா உள்ள விடலாம்" என்றாள். அவள் வீட்டிலிருந்து பக்கத்து வீடு, அங்கிருந்து சேலையூர், வண்டலூர். தீபாவளி நெருங்கும்போது இவருக்கு உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை. ஷோரூம் பேச்சையே எடுக்கவில்லை.

ஆள் திருந்திவிட்டார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நேற்றுக்கூடப் பால் பொங்கியது. அடுப்பு சரியில்லையாம்.

ஆனால் இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து, கண்ணுக்கு இரண்டு விரல் தள்ளி, தானே ஒரு பொட்டு வைத்துவிடுவார். "இதுக்குப் பூஜ ஆயிடுச்சு. இனிமே யாரும் வெக்க வேணாம்" என்பார். ஏன் தள்ளி வைக்கிறீர்கள் என்று யாராவது கேட்பார்கள். எந்த வீட்டிலும் மாமி பேரை இவர் சொன்னதே இல்லை.

"ஒரு தபா கண்ணு மேலயே வெச்சிட்டேன் சார். என் தப்புதான்."