சத்தியநாதன் கிழித்துக் கொடுத்த ரசீதுகள்

சேலையூரில், கேம்ப் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஒரு தேசியப் பல்கலைக்கழகத்தின் தபால்வழிப் படிப்பு மையம் இருக்கிறது. இருபத்தேழு வருஷமாக அதன் கதவைத் திறந்து பூட்டுகிறவர் சத்தியநாதன். பதவி, தற்காலிக உதவியாளர். இருபத்தேழு வருஷமும் தற்காலிகம். என்ன நியாயமோ இது!

பல்கலைக்கழகத்துக்குப் பொன்விழா வந்தது. ஒவ்வொரு மையமும் தன் வரலாற்றை எழுதி அனுப்பச் சொன்னார்கள். பொறுப்பாளர் மிருதுளா புதியவர். பழைய காகிதம் ஒன்றும் இல்லை. சத்தியநாதனை உட்காரவைத்துக் கேட்டார். மனுஷன் கொட்டித் தீர்த்துவிட்டார். எந்த வருஷம் எந்தப் படிப்பு வந்தது, எந்தப் பரீட்சை தள்ளிப்போனது, எல்லாம் விரல்நுனியில்.

"இவ்ளோ வருஷமா இருக்கீங்க. ஏன் பர்மனென்ட் ஆகலை?" என்றார் மிருதுளா.

"2015க்கு முன்ன பத்து வருஷம் வுடாம வேலை பாத்ததுக்கு ப்ரூஃப் கேக்குறாங்க மேடம். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரெல்லாம் வெள்ளத்துல பூட்ச்சி."

2015 டிசம்பரில் தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது, அவர் மாணவர்களின் அசைன்மென்ட் கட்டுகளைத்தான் மாடிக்கு ஏற்றினார். வருகைப் பதிவேடுகள் கீழேயே கிடந்து ஊறிப்போயின. ஒண்டி ஆள் எத்தனையைத் தூக்குவார்? வருகிற மார்ச்சில் அவருக்கு அறுபது முடிகிறது. அதற்குள் நிரூபிக்காவிட்டால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மிருதுளா வேறு சான்று தேட ஆரம்பித்தார்.

அசைன்மென்ட் கொடுக்கிறவர்களுக்கு ஒரு ரசீது கிழித்துத் தருவது வழக்கம். அதில் தேதி, முத்திரை, வாங்கியவர் கையெழுத்து இருக்கும். வாங்கியவர் எப்போதும் சத்தியநாதன்தான். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் மிருதுளா அந்த ரசீதுகளைக் கேட்டுப் போட்டார்.

"அத்த எவன் மேடம் வச்சினு இருப்பான்?" என்று சிரித்தார் சத்தியநாதன்.

வைத்திருந்தார்கள். பல பேருக்கு ஒரு பல்கலைக்கழகம் முத்திரை குத்திக் கொடுத்த முதல் காகிதம் அது. பத்து நாளில் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. அந்தப் பத்து வருஷத்தில் ஒரே ஒரு மாதத்துக்கு மட்டும் ரசீது வரவில்லை: 2009 ஜூன். அந்த ஒரு மாதம் இல்லாவிட்டால் தொடர்ச்சி அறுந்துவிடும்.

"அந்த மாசந்தான் என் வூட்டுக்காரி செத்துப்போனா. வந்தனா இல்லியான்னு எனக்கே தெரில மேடம்" என்றார்.

மறுநாள் பீர்க்கன்கரணையிலிருந்து ஜஹீரா என்ற டீச்சர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். சர்டிபிகேட் ஃபைலிலிருந்து ஒரு ரசீதை எடுத்து நீட்டினார். தேதி, 30 ஜூன் 2009.

"அன்னிக்குத்தான் லாஸ்ட் டேட் அண்ணா. கைக்குழந்தையோட ஓடி வந்தேன். உங்க கண்ணு ரெண்டும் செவந்து கிடந்துச்சு. உடம்பு சரியில்லையான்னு கேட்டேன். 'ஒண்ணுமில்ல, குடும்மா, இன்னிக்கு வுட்டா உனக்கு ஒரு வருஷம் பூடும்'னீங்க."

சத்தியநாதன் ரசீதைக் கையில் வாங்கித் தேதியைப் பார்த்தார்.

"அவளை எடுத்தது இருபத்தொம்பதாந் தேதி மேடம்" என்றார். "ஒரு நாளாச்சும் வூட்டுல இருந்திருக்கலாம்."

ஜஹீரா ஒரு நாற்காலியை இழுத்து அவரை உட்காரவைத்தார். அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, மிருதுளா அந்த ரசீதையும் விண்ணப்பத்தோடு இணைத்தார்.

பிப்ரவரியில் உத்தரவு வந்தது. சத்தியநாதன் நிரந்தரப் பணியாளர். அன்று மாலையே அவர் ஒரு லீவு லெட்டர் எழுதிவந்து மேசைமேல் வைத்தார். ஒரு நாள், சொந்தக் காரணம். எதற்கென்று மிருதுளா கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.