மாமா வேலை பார்த்த மலை ரயில்

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். என் தாய்மாமன் விஷயத்தில் ஒரே ஒரு பொய்தான். அதுவும் தரகர் சொன்னது.

செங்கம் ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டு மாடியில் ஒரு வெள்ளைக்காரர் வாடகைக்கு இருந்தார். ஏதோ ஒரு தீவுக்காரர். அந்தத் தீவில் கடலோரப் பட்டணங்களுக்குப் பெரிய ரயில் ஓடுமாம். அதிலிருந்து பிரிந்து மலைக் கிராமங்களுக்குக் குட்டி ரயில்கள் போயினவாம். அந்தக் குட்டி ரயில்களின் வரலாற்றைத்தான் அவர் எழுதிக்கொண்டிருந்தார். வேலை கிடைக்காத மாமா, அவருடைய பழைய படங்களையும் குறிப்புகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பார். இதைக் கேள்விப்பட்ட தரகர், வேங்கிக்காலில் இருந்த பெண் வீட்டாரிடம் பையன் ரயில்வேயில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டார்.

பெண்ணின் அப்பாவும் அம்மாவும் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். என் அம்மா கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தார். சம்பந்தம் பிடிக்கும்வரை கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தட்டு அப்படியே இருந்தது. வேண்டாம் என்று அவர்கள் எழுந்துபோனால் பஜ்ஜி எனக்கு. அந்த நம்பிக்கையில் உட்கார்ந்திருந்தேன்.

“எந்த லைன்ல தம்பி?” என்றார் பெண்ணின் அப்பா.

மாமாவுக்கு வியர்த்தது. “மலைக்குப் போற கிளை லைனுங்க.”

“கூட்டம் ஜாஸ்தியா?”

“ரொம்பக் கம்மிங்க.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். மாமா சோறே இல்லாமல் மறைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, காலித் தண்ணீர் கேனோடு வெள்ளைக்காரர் மாடியிலிருந்து இறங்கினார். ரயில் பேச்சு காதில் விழுந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ஊரில் ஒருவரும் அவரிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. நடுவில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, இங்கே வந்து கற்ற தமிழில் ஆரம்பித்தார்.

“அந்த வண்டி ரொம்ப மெதுவா. மேட்டுல நிக்கும். ஆளுங்க எறங்கித் தள்ளணும். இப்போ இல்ல. எல்லாம் மூடியாச்சு. நான் பொறக்கறதுக்கு முன்னாடி!”

பெண்ணின் அப்பா மாமாவைப் பார்த்தார். “மூடின ரயில்ல இன்னா தம்பி வேலை பாக்குற?”

மாமா உண்மையைச் சொல்லிவிட்டுத் தலை குனிந்தார். பெண்ணின் அப்பா வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். எனக்கு எச்சில் ஊறியது.

அப்போதுதான் பெண்ணின் அம்மா வாயைத் திறந்தார். “வண்டி நின்னப்புறம் அந்த மலை ஊரு பொம்பளைங்க சந்தைக்கு எப்டிப் போனாங்க?”

“நீ சும்மா இரு. எழுந்திரு” என்றார் பெண்ணின் அப்பா.

மாமாவோ, கல்யாணம் கைவிட்டுப் போனதையே மறந்தவர்போல அந்த அம்மாளுக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டார். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தின் மேலேயே நடந்தார்களாம். சுரங்கப்பாதைக்குள் பயம் தெரியாமலிருக்க, உரக்கச் சண்டை போட்டுக்கொண்டே போவார்களாம். அந்த அம்மாள் சிரித்துவிட்டு இன்னொன்று கேட்டார். அதற்கும் மாமா நிதானமாகப் பதில் சொன்னார். பெண்ணின் அப்பா நின்றபடியே இருந்தார்.

அந்த அம்மாள் கையை நீட்டி ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்தார். “வேலை இன்னிக்கி இல்லன்னா நாளைக்கி வருது” என்றார்.

கல்யாணம் நடந்தது. மாமா பிறகு கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்தார்.

பஜ்ஜியைப் பார்த்து மனசு மாறிவிட்டார் என்று வெகுநாள் அந்த அம்மாள்மேல் எனக்குக் கோபம். தான் கேட்ட கேள்விக்கு ஓர் ஆண்பிள்ளை எதிரே உட்கார்ந்து முழுசாகப் பதில் சொன்னதை, அவர் அதற்குமுன் என்றைக்காவது கண்டிருப்பாரா என்று யோசிக்கிற வயசு எனக்கு அப்போது இல்லை.