அடைப்புக்குறிக்குள் என் பெரியப்பா

போன திங்கட்கிழமை. சிதம்பரத்தில், என் கடைசிப் பொண்ணு கல்யாணப் பத்திரிகைக்கு புரூஃப் பார்க்கப் போனேன். பிரஸ்காரர் தாளை என் பக்கம் திருப்பி, ஒரு வரியில் பேனாவை வைத்தார்.

"அண்ணே, இந்த அடைப்புக்குறிக்குள்ள ஏதோ தப்பா ஏறியிருக்கு போல. ஒரு தபா பாத்துடுங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"சரியாத்தான் இருக்கு. அப்படியே அடி."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்...

நம்ம பக்கத்துப் பத்திரிகை உங்களுக்குத் தெரியாததா? மேலே சாமி படம். கீழே உறவுமுறை. செத்தவர்களுக்கு 'தெய்வத்திரு'. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி – அதற்குள்தான் குடும்ப மானம் குடியிருக்கிறது. பெட்டிக்கடைக்காரர் அதற்குள் போனால் வணிகர். இருந்த காணியை விற்று இருபது வருஷமானவர் நிலக்கிழார். நான், தொழிலதிபர்.

என் விஷயத்தில் அது பொய்யில்லை. அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டக் கற்றேன். இன்றைக்குக் கடலூரில் மூணு கடை. பண்ருட்டி முந்திரித் தோப்பில் போர்வெல் மோட்டார் புகைந்தாலும் என்னைத்தான் தேடி வருகிறார்கள். 'பெருமை ஜாஸ்தி' என்று எனக்குக் கடிதம் போடுகிற வாசகர்களே... இருக்கு, பேசுறேன்.

ஆனால் ஒரு பெருமை பொய்யாகிவிட்டது. அதை இங்கேயே சொல்லியாக வேண்டும். ஏனென்றால் வழக்கமாக எழுதுகிற இதே பத்தியில் மூணு தடவை சொல்லியிருக்கிறேன் – என் பெரியப்பா கோவிந்தராசு, இரண்டாம் உலகப் போரில் சரக்குக் கப்பல் கேப்டன் என்று.

அப்படித்தான் அப்பா எங்களிடம் சொல்லியிருந்தார். ஆதாரமும் இருந்தது. கையகல நீலப் புத்தகம். பெரியப்பா போட்டோ, கைரேகை, பக்கம் பக்கமாக இங்கிலீஷ், பக்கத்துக்கொரு கேப்டன் கையெழுத்து. அதைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டுக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். முப்பது ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறேன். ஒரு நாளாவது யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொன்னேனா? இல்லை. கேப்டன் கையெழுத்து இருக்கிறது. அப்புறம் என்ன சந்தேகம்?

சந்தேகம் நிச்சயதார்த்தத்தில் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா கீரப்பாளையத்துக்காரர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். பெரியப்பா பெருமையை நான் எடுத்துவிட, சபையில் கேட்டார்: "எந்தக் கப்பல் சம்பந்தி? எந்த ரூட்டு?"

"பெரிய கப்பல்" என்றேன்.

சபை சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

மறுநாளே புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு ஓ.டி.க்குப் போனேன். கடலூர் பழைய டவுனைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். அங்கே அந்தோணி இருக்கிறார். முப்பது வருஷம் சரக்குக் கப்பல் என்ஜின் ரூமில் வெந்தவர். என் பழைய கஸ்டமர். நிதானமாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"அண்ணே... இது கேப்டன் சர்டிபிகேட் இல்ல. ஒவ்வொரு பயணம் முடிஞ்சதும், 'நல்லா வேல பாத்தாரு'ன்னு கேப்டன் போட்டுத் தர்ற கையெழுத்து. கப்பல்ல இருந்த அத்தன பேருக்கும் உண்டு."

"அப்ப பெரியப்பா வேல?"

"டோப்பாஸ்னு போட்டிருக்கு."

"அப்படின்னா?"

அந்தோணி புத்தகத்தை மூடினார். "கக்கூஸ் கழுவுறவருண்ணே."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. புத்தகம் தப்பு என்றேன். வேறு எங்கேயாவது எழுதிக் கேட்கச் சொன்னேன். அவரும் பொறுமையாக, பழைய கப்பல் காகிதங்கள் வைத்திருக்கிற வெளிநாட்டு ஆபீசுக்கு மெயில் போட்டார். இரண்டு மாசம் கழித்துப் பெரியப்பா போன கப்பலின் ஆள் லிஸ்ட் வந்தது. பெரியப்பா பேர். அதே வேலை. பேருக்கு எதிரில் கைரேகை.

கேப்டன் எங்கேயாவது கைநாட்டு வைப்பானா? முப்பது வருஷம் அந்தக் கைரேகைக்கு மேலேதான் குங்குமம் வைத்திருக்கிறேன்.

அப்போதுதான் பழசு ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் முதல் முதலாகக் கக்கூஸ் கட்டினபோது, அதைத் தொடுவதற்கு ஆளில்லை. பெரியப்பாதான் தினமும் காலையில் பிரஷ்ஷோடு போவார். மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, வெளியே வந்து, கதவைத் திறந்து நின்று ஒரு பார்வை பார்ப்பார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் தெருப் பசங்களிடம் சொல்வேன்: "கேப்டன்ல? அதான் அவ்ளோ சுத்தம் பாக்குறாரு."

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. பெரியப்பாவும், அப்பா சொன்ன கேப்டன் கதையைக் கேட்டுக்கொண்டு கடைசி வரைக்கும் சும்மா இருந்துவிட்டார்.

புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. ஒரு பயணத்துக்கு முடிவில் ஊர்ப் பெயரே இல்லை. 'கப்பல் மூழ்கியது' என்று சீல். டார்பிடோ குண்டு அடித்து. அந்தோணி அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "அஞ்சு மாசம் கழிச்சு மறுபடியும் கப்பல் ஏறியிருக்காருண்ணே. அதே வேலைக்கு."

நடுக்கடலில் முங்கி எழுந்து வந்த மனுஷன். சண்டை இன்னும் முடியவில்லை. திரும்பவும் போய், அதே பிரஷ்ஷைக் கையில் எடுத்திருக்கிறார். நான் ஒரு தடவை மோட்டாரில் ஷாக் அடித்ததற்கு ஒரு வாரம் கடைப் பக்கமே போகவில்லை.

இதை வீட்டில் சொன்னேன். பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் பண்ணுகிற என் மச்சான் பதறிவிட்டான்.

"மாமா, 'கப்பல் பணி'ன்னு போட்டுடுங்க. யாரு வந்து நோண்டப்போறா?"

"எங்கப்பாவும் இப்படித்தான்டா ஆரம்பிச்சிருப்பாரு."

"அப்ப பேரையே எடுத்துடுங்க. கல்யாணம் நின்னுச்சுன்னா அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

பேரை எடுப்பதா? பெரியப்பாவுக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளைகுட்டி இல்லை. அவர் பேர் அச்சில் ஏறுவது எங்கள் பத்திரிகையில் மட்டும்தான்.

ஆனால் மச்சான் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கல்யாணம் என்னுடையது இல்லையே. பொண்ணுக்குப் போன் போட்டேன். சிதம்பரத்தில் நர்ஸ் அவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நான் வார்டுல தெனம் பெட்பேன் எடுக்குறேம்பா. 'நர்ஸ் மருமவ வர்றா'ன்னு அவுங்க ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாங்க. நீ போடு."

அப்புறம் என்ன? மச்சானையும் இழுத்துக்கொண்டு கீரப்பாளையம் போனேன். பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது, நானே சொல்ல வேண்டும். சொன்னேன். சம்பந்தியம்மா கொண்டுவந்த காப்பி டம்ளரில் ஆடை படிந்தது.

"எங்க சனம் ஒரு மாதிரி பேசும் சம்பந்தி. இது தேவையா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"நிச்சயத்தன்னைக்கு எந்தக் கப்பல்னு சபையில கேட்டீங்க. அன்னைக்குத் தெரியல. இன்னைக்குக் கப்பல் பேரு, அது முங்குன கதை, அதுல அவரு பாத்த வேல, எல்லாம் கொண்டாந்திருக்கேன். கேட்டவருக்குப் பதில் சொல்லணும்ல?"

அந்தோணி கொடுத்த லிஸ்ட்டை நீட்டினேன். வாங்கி, விரல் வைத்துப் படித்தார். வாத்தியார் இல்லையா, பாதியில் விடவில்லை. பெரியப்பா கைரேகையில் வந்து விரல் நின்றது.

"உங்க பத்திரிகை, உங்க இஷ்டம். எங்க பத்திரிகையில அந்தப் பேரு வேணாம்."

"கல்யாணம்?"

"அதுல என்ன மாத்தம்? காப்பியக் குடிங்க."

அவர் மனசு மாறியதாக நான் கதை விடப்போவதில்லை. அவர் பத்திரிகையில் பெரியப்பா இல்லை. என் பத்திரிகையில் இருக்கிறார். மண்டபத்தில் எவனாவது கையில் வைத்துக்கொண்டு சிரித்தால், பக்கத்தில் உட்காரவைத்துக் கப்பல் கதையை முழுக்கச் சொல்லித்தான் சாப்பிட அனுப்புவேன்.

ஒரே ஒரு சிக்கல். 'தெய்வத்திரு கோவிந்தராசு (போர்க்காலச் சரக்குக் கப்பலில் கழிவறைத் துப்புரவுப் பணி)' – நீளம் ஜாஸ்தி. பிரஸ்காரர் மறுபடி பேனாவை வைத்தார்.

"அடுத்தாப்புல உங்க பேரு வருதுண்ணே. எடம் பத்தல. எதக் கொறைக்கிறது?"

"என் பக்கத்துல இருக்குற தொழிலதிபரைத் தூக்கு" என்றேன்.

எடம் வந்துடுச்சு.