ருசி பார்க்காமல் செய்த மிளகாய் ஐஸ்

என் பெரிய பேரன் புனே ஹிஞ்சேவாடியில் ஐ.டி. வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பேத்தி பல் மருத்துவம் படிக்கிறாள். கடைக்குட்டி ஓட்டப்பந்தயத்தில் பதக்கம் வாங்கியிருக்கிறான். ஐந்தாவதோடு நின்றவள் நான், பெருமைப்படாமல் என்ன செய்வேன்? இதையெல்லாம் சொல்லத்தான் அன்று காலை நிக்டியில் இருக்கும் என் மூத்த ஓரகத்தி மரகதம் அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் மகன் எடுத்தான்.

"சித்தி... அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க."

கல்யாணமாகிப் புனேவுக்கு வந்தபோது எனக்கு இந்தியும் வராது, மராத்தியும் வராது. மார்க்கெட்டுக்குப் போகவே பயம். அக்காதான் கையில் பையைக் கொடுத்து முலாம்பழக்காரர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "பேச வராட்டி என்ன, மூக்கு இருக்குல்ல? காம்புப் பக்கம் மோந்து பாரு. வாசனை இல்லன்னா வெறும் தண்ணி."

வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்த கோடையில் அவர் மிளகாய் ஐஸ் செய்யத் தொடங்கினார். கொதிக்கும் சர்க்கரைப் பாகில் பச்சைமிளகாயைக் கீறிப் போட்டு, காரம் இறங்கியதும் எடுத்துவிடுவார். ஆறிய பாகை அரைத்த முலாம்பழத்தில் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, உப்புப் போட்டு ஃப்ரீசரில் வைப்பார். பாதி உறைந்ததும் முள்கரண்டியால் சுரண்டிக் கிளறுவார்.

"ஐஸ்ல மிளகாயா? அடுத்து பாயசத்துல பூண்டா?" என்று கேலி செய்தார் அக்காவின் கணவர். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன்.

"முதல்ல கிண்ணத்தை வழிக்கிறதை நிறுத்துங்க, அப்புறம் பேசுங்க" என்றார் அக்கா.

ஒவ்வொரு தடவை கிளறும்போதும் ருசி பார்ப்பார். "ஜில்லுன்னு ஆனா நாக்கு மரத்துடும்டி. இனிப்பும் உப்பும் கொஞ்சம் தூக்கலாவே இருக்கணும்."

பதினாறாம் நாள் படையலுக்கு அதைச் செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. அக்கா போனதிலிருந்து மாமா சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுகிறார். இதையாவது சாப்பிடுவாரா என்று வீடே தவித்தது. ஆனால் படையலுக்கு வைப்பதை முன்னால் வாயில் வைக்கக் கூடாதே! குழம்பென்றால் கொதிக்கிற வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். உறைந்த பண்டத்துக்கு வாசனை ஏது?

"பாட்டி, ஒரு சம்மச் டேஸ்ட் பண்ணு நா. யாரு பாக்கிறா?" என்று கரண்டியை நீட்டினாள் புனேவிலேயே வளர்ந்த பேத்தி.

"அக்கா பாப்பாங்கடி."

காரம் ஏறிவிட்டதா, எலுமிச்சை கசந்துவிட்டதா என்று ஃப்ரீசரைத் திறந்து திறந்து பார்த்தேன். அப்படித் திறந்தால் உறையாது என்று பேத்தி திட்டினாள். அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது.

படைத்து முடித்ததும் மாமா கையில் கிண்ணத்தைக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தார்.

"உப்பு போட மறந்துட்டியாம்மா?"

எனக்கு அழுகை முட்டியது.

"அவ இருந்திருந்தா உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பா" என்று சொல்லி, இலையில் இருந்த உப்பைக் கிள்ளித் தூவிக்கொண்டார். கிண்ணம் காலியானது. "இன்னும் இருக்கா?" என்று கேட்டார். அவர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். மாலை போட்ட படத்தில் இருந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அது ஏதோ அடையாள அட்டைக்காக உதட்டை இறுக்கிக்கொண்டு எடுத்த படம்.

அக்கா, கவலையில்லாமல் போய் வாருங்கள். மாமா சாப்பிட்டுவிட்டார்.

இதைப் படிக்கும் சொந்தங்களே, உங்களில் யாரிடமாவது அக்கா வாய்விட்டுச் சிரிக்கும் படம் இருந்தால் குடும்பக் குரூப்பில் போடுங்கள். அதற்கு மாலை போட மாமா காத்திருக்கிறார்.